பயன்பாட்டு மொழியியலும் பெங்களூரும்

பயன்பாட்டு மொழியியல் என்பது, மொழியைப் பற்றிய அறிவைக் கொண்டு மொழியால் வாழ்க்கையில் எழும் சிக்கல்களை ஆராயும் துறை. ஒரு குழந்தை ஏன் வாசிக்கத் திணறுகிறது, இரண்டாம் மொழியை எப்போது, எப்படிக் கற்பிப்பது, பக்கவாதத்தில் பேச்சிழந்த பன்மொழியாளருக்கு எந்த மொழியில் பயிற்சி தொடங்குவது, ஒரே வாக்கியத்தில் மூன்று மொழி கலக்கும் பேச்சைக் கணினிக்கு எப்படிப் புரியவைப்பது என்பன அதன் கேள்விகள். தமிழில் இத்துறைக்குப் 'பயன்முறை மொழியியல்' என்ற பெயரும் வழக்கில் உண்டு. முதுகலையில் இதைப் படிக்க வருபவர்கள் ஒரே வழியாக வருவதில்லை. ஆங்கில இலக்கியம் முடித்தவர், பி.எட். முடித்துச் சில ஆண்டுகள் பாடம் நடத்தியவர், தமிழ் அல்லது கன்னடம் படித்தவர், பொறியியல் படித்துவிட்டு மொழித் தொழில்நுட்பத்தில் நுழைந்தவர் எனப் பலரும் வருகிறார்கள். அவரவர் கொண்டுவரும் கேள்வியும் வேறு.

தனித் துறையாக இது உருவானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். அமெரிக்காவின் மிச்சிகனில் 1948-இல் தொடங்கிய 'லாங்குவேஜ் லேர்னிங்' இதழ், தன்னைப் பயன்பாட்டு மொழியியல் இதழ் என்று அறிவித்துக்கொண்டது. 1957-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இதற்கென ஒரு பள்ளி அமைந்தது. 1959-இல் வாஷிங்டனில் ஒரு மையமும், 1964-இல் பிரான்சின் நான்சி நகரில் கூடிய மாநாட்டின் வழியே உலக அமைப்பும் வந்தன. ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிப்பதே அன்றைய பெருங்கவலை. அந்தத் தொடக்கத்தின் தடம் இன்றும் பாடத்திட்டங்களில் ஆழமாக இருக்கிறது. நான்கு பருவப் படிப்பில் ஒலியியல், உருபனியல், தொடரியல், சமூக மொழியியல், உளமொழியியல் போன்ற அடிப்படைத் தாள்களைக் கடந்ததும், 'இரண்டாம் மொழி' என்று வருமிடத்தில் எல்லாம் ஆங்கிலமே உட்கார்ந்திருப்பதைக் காணலாம்.

இந்தியாவுக்கும் அது ஆங்கிலத்தின் வழியாகவே வந்தது. 1958-இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தொடங்கப்பட்டது. 1972-இல் பிற அயல்மொழிகளும் சேர்ந்து 'சீஃபெல்' ஆகி, 2007-இல் மத்தியப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் இதுதான். இதே காலத்தில் அன்றைய சென்னை மாநிலத்தில், தொடக்கநிலை வகுப்புகளில் ஆங்கிலம் கற்பிக்கும் சுமார் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரும் பெருமுயற்சி நடந்தது. முதலில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் பலருக்கு, அந்தப் பலர் மேலும் பலருக்கு என்று உருண்டு பெருகும்படி அமைந்ததால் அதற்கு 'மதராஸ் பனிப்பந்து' என்று பெயர். அமைப்புச் சொற்றொடர்களைச் சூழலோடு சேர்த்து, எளியதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாகப் பழக்குவதே அந்த முறை. 1963-இல் பெங்களூருவில் தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனம் தொடங்கியபோது தென் மாநிலங்களின் வகுப்பறைகளில் ஓங்கியிருந்த முறையும் இதுவே. 1969-இல் மைசூரில் இந்திய மொழிகளின் மத்திய நிறுவனம் வந்த பிறகுதான், கன்னடர் தமிழ் கற்பதும் தமிழர் தெலுங்கு கற்பதும் இத்துறையின் பொருளாக உரிய இடம் பெற்றன. டி. பி. பட்டநாயக் அதன் முதல் இயக்குநர். பின்னாளில் தமிழ் மொழியியலாளர் இ. அண்ணாமலையும் அதற்குத் தலைமை தாங்கினார். ஆசிரியர்கள் பத்து மாதம் தங்கி வேறோர் இந்திய மொழியைக் கற்கும் அந்நிறுவனத்தின் பயிற்சியே பாடத்திட்டம், பாடநூல், தேர்வு மூன்றையும் இந்திய மொழிகளுக்கென்றே உருவாக்க வேண்டிய கட்டாயத்தைத் தந்தது.

உலகெங்கும் பயன்பாட்டு மொழியியல் படிக்கும் மாணவர் 'பெங்களூர்' என்ற பெயரைப் பாடநூலில் சந்திப்பது வேறொரு காரணத்தால். 1979 முதல் 1984 வரை நடந்த தொடர்பாடல்வழிக் கற்பித்தல் திட்டத்தை எல்லோரும் 'பெங்களூர்த் திட்டம்' என்றே அழைக்கிறார்கள். அதை வழிநடத்திய என். எஸ். பிரபு அப்போது சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கிலக் கல்வி அலுவலராக இருந்தார். வட்டார ஆங்கில நிறுவனம் துணைநின்றது. வகுப்புகள் பெங்களூருவோடு சென்னை, கடலூர் முதலிய இடங்களின் சாதாரணப் பள்ளிகளில் நடந்தன. திட்டத்துக்குத் தூண்டுகோலாக இருந்தது ஒரு வகுப்பறைக் குறை. பல ஆண்டுகள் அமைப்புகளை வரிசையாகப் பழகிய மாணவர்கள், வகுப்பில் சரியாகச் சொன்ன வாக்கியத்தை வெளியே தேவைப்படும் இடத்தில் சொல்ல முடியாமல் நின்றார்கள். பயிற்சியின் அளவைக் கூட்டியும் பலனில்லை. இலக்கணம் கற்பித்துக் கைவரும் பொருளா, அல்லது மனம் வேறொன்றில் ஆழ்ந்திருக்கும்போது தானாகப் படியும் பொருளா என்று பிரபுவும் உடனிருந்தவர்களும் கேட்டார்கள்.

அதற்கு அவர்கள் கண்ட விடை எளிமையானது, ஆனால் அன்றைய நிலையில் துணிச்சலானது. பாடத்திட்டத்திலிருந்து இலக்கணப் பட்டியலை அடியோடு எடுத்துவிட்டு, வரிசையாகச் சில செயல்களை மட்டும் வைத்தார்கள். ஒரு வகுப்பைக் கற்பனை செய்துகொள்ளலாம். கரும்பலகையில் ஒரு ரயில் கால அட்டவணை. மூன்று வண்டிகள், ஐந்து நிலையங்கள், வரும் நேரம், புறப்படும் நேரம். ஆசிரியர் ஆங்கிலத்தில் கேட்கிறார்: இரண்டாவது வண்டி ஜோலார்பேட்டைக்கு எத்தனை மணிக்கு வருகிறது? அங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது? மதியம் இரண்டு மணிக்குள் பெங்களூருவில் இருக்க வேண்டியவர் எதில் ஏற வேண்டும்? எதில் ஏறினால் வழியில் சாப்பிட நேரம் கிடைக்கும்? இரண்டு மூன்று பிள்ளைகள் எல்லோரும் கேட்க விடை சொல்கிறார்கள். ஒருவர் ஒற்றைச் சொல்லில் சொல்வார், ஒருவர் தமிழிலோ கன்னடத்திலோ சொல்வார். ஆசிரியர் அதை மறுக்காமல் ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லி ஏற்றுக்கொள்கிறார். இது முன்செயல். பிறகு இதே வகையில் வேறோர் அட்டவணை தரப்படுகிறது. இம்முறை ஒவ்வொருவரும் தனியே விடை எழுத வேண்டும். திருத்தும்போது பார்ப்பது விடை சரியா தவறா என்பதை. வாக்கியம் பிழையற்றதா என்பதை அல்ல. வகுப்பில் குறைந்தது பாதிப் பேராவது வேலையில் குறைந்தது பாதியையாவது சரியாக முடித்தால் அந்தச் செயல் பொருத்தமான அளவில் கடினமானது என்று கொண்டார்கள். அடுத்த நாள் செயலின் கடினத்தை அந்த முடிவே தீர்மானித்தது.

பிரபு செயல்களை மூன்றாகப் பிரித்தார். ஒருவரிடம் உள்ள செய்தியை இன்னொருவருக்குக் கொண்டு சேர்ப்பது ஒன்று. தரப்பட்ட செய்தியிலிருந்து யோசித்துப் புதியதைக் கண்டடைவது இரண்டாவது. சொந்தக் கருத்தைச் சொல்வது மூன்றாவது. பிள்ளைகளுக்கு மிகவும் ஒத்துவந்தது நடுவில் உள்ள யோசனைச் செயல் என்பது அவர்களின் அனுபவம். விடை ஒன்றுதான் என்பதால் கூச்சமுள்ள பிள்ளைக்கும் பிடிமானம் கிடைத்தது. யோசிக்க வேண்டியிருந்ததால் மொழி மனத்தில் நின்று அலசப்பட்டது. மேலை நாட்டுத் தொடர்பாடல் முறைகள் குழு வேலையைத் தலையில் தூக்கி வைத்திருந்த காலத்தில், இங்கே ஆசிரியர் முன்னின்று முழு வகுப்போடு நடத்திய உரையாடலே மையமாக இருந்தது. சிறு குழுக்களில் பிள்ளைகள் தங்களுக்குள் பேசினால், ஒருவர் பிழையை மற்றவர் பழகிவிடுவார் என்ற கவலை அதன் பின்னால் இருந்தது. பெரிய வகுப்பு, குறைந்த வசதி, ஆசிரியரே முதன்மையான ஆங்கில மூலம் என்ற தென்னிந்திய நிலைமையை ஒரு குறையாகக் கருதாமல், அதிலிருந்தே முறையை வடித்தெடுத்ததில்தான் இத்திட்டத்தின் பெருமை இருக்கிறது.

1987-இல் பிரபுவின் 'செகண்ட் லாங்குவேஜ் பெடகோஜி' நூல் வெளிவந்தது. இன்று உலகெங்கும் பேசப்படும் செயல்வழி மொழிக் கற்பித்தலின் வரலாற்றை யார் எழுதினாலும் இந்தத் திட்டத்தை முன்வரிசையில் வைத்தே தொடங்குகிறார்கள். பிறகு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், 1990-இல் எழுதிய ஒரு கட்டுரையில் எல்லோருக்கும் சிறந்த ஒரே முறை என்று ஒன்று இருக்க முடியாது என்று வாதிட்டார். தான் செய்வது எப்படிப் பலன் தருகிறது என்று ஆசிரியரின் மனத்தில் உள்ள உயிருள்ள நம்பிக்கைதான் முக்கியம். அது உறைந்துபோனால் எந்த நல்ல முறையும் வெறும் சடங்காகிவிடும் என்பது அவர் கருத்து. பயிற்சி முகாமில் கேட்டதை அப்படியே வகுப்பில் ஒப்பிக்கச் சொல்லும் எந்தத் திட்டத்தையும் மதிப்பிட இது இன்றும் சரியான அளவுகோல்.

திட்டம் வென்றதா என்ற கேள்விக்குக் கிடைத்த விடையும் மாணவருக்கு ஒரு பாடம். ஆலன் பெரெட்டாவும் எடின்பரோவின் ஆலன் டேவிஸும் செய்த மதிப்பீடு 1985-இல் வெளியானது. திட்ட வகுப்புகளையும் வழக்கமான வகுப்புகளையும் ஒப்பிட்டார்கள். எந்த ஒரு தேர்வை வைத்தாலும் அது ஏதோ ஒரு பக்கத்துக்குச் சாதகமாகிவிடும் என்பதால் பல வகைத் தேர்வுகளை வைத்தார்கள். அமைப்புத் தேர்வில் வழக்கமான வகுப்புகளும், செயல்வழித் தேர்வில் திட்ட வகுப்புகளும் மேலோங்கின. இரு தரப்புக்கும் நடுநிலையான சில தேர்வுகளில் திட்ட வகுப்புகள் முன்னே நின்றதால், திட்டத்தின் கருத்துக்கு ஓரளவு ஆதரவு இருக்கிறது என்று நிதானமாக முடித்தார்கள். ஆனால் பிள்ளைகள் சீட்டுக் குலுக்கி இரு பக்கமும் பிரிக்கப்பட்டவர்கள் அல்லர். ஏற்கெனவே இருந்த வகுப்புகள் அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்டன. இரு பக்கமும் ஆசிரியர்களும் வேறு. ஆகவே வேறுபாடு முறையால் வந்ததா, ஆசிரியரின் திறத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வகுப்பறை ஆய்வு செய்யும் எவருக்கும் இந்தச் சிக்கல் வரும். புள்ளியியல் தாளைச் சுமையாக நினைக்கும் மொழி மாணவர் இந்த ஒரு மதிப்பீட்டை வரிவரியாகப் படித்தாலே அந்தத் தாள் எதற்கு என்பது விளங்கிவிடும். பெரெட்டா பின்னர் தனியே செய்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. பள்ளியில் வழக்கமாகப் பணிபுரிந்த ஆசிரியர்களைவிட, வெளியிலிருந்து ஈடுபாட்டோடு வந்தவர்களிடமே புதிய முறை நன்றாக வேரூன்றியிருந்தது.

ஆங்கிலத்தை விட்டு நகர்ந்தால், பெங்களூரு தரும் அடுத்த பொருள் இந்திய மொழிகளை இந்திய மொழிக்காரர் கற்பது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநகரில் கன்னடத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. தமிழ், தெலுங்கு, உருது பேசுவோர் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் வளரும் பிள்ளை தெருவில் மூன்று நான்கு மொழிகளில் இயல்பாகப் பேரம் பேசும். அந்தத் திறமைக்குப் பள்ளி மதிப்பெண் பட்டியலில் இடமில்லை.

தமிழர் கன்னடம் கற்பதை எடுத்துக்கொண்டால் உறழ்நிலை ஆய்வின் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரியும். இரண்டு மொழிகளின் அமைப்பை ஒப்பிட்டு, கற்பவர் எங்கே தடுமாறுவார் என்று முன்கூட்டியே சொல்லும் முறை அது. தமிழின் சொல்முதல் பகரம் கன்னடத்தில் ஹகரமாகிறது: பால் ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து, புலி ஹுலி. வகரம் அழுத்தமான பகரமாகிறது: வா என்பது பா, வாழை என்பது பாளெ. ழகரம் ளகரத்தில் கரைந்துவிட்டது: மழை மளெ, ஏழு ஏளு. இந்த மூன்று விதி தெரிந்தால் நூற்றுக்கணக்கான சொற்கள் ஒரே நாளில் கைக்கு வந்துவிடும். அதே விதி பொறியாகவும் மாறும். 'பாட' என்றால் கன்னடத்திலும் பாடம்தான். வடமொழிச் சொல் என்பதால் அது மாறவில்லை. விதியை நம்பி அதை 'ஹாட' ஆக்கினால் கேட்பவருக்குப் புரியாது. 'கேளு' இரண்டு மொழியிலும் ஒன்றே. ஆனால் 'ஹேளு' என்றால் சொல் என்று பொருள். ஓசை நெருக்கத்தால் புதிதாகக் கற்பவர் கேட்க வேண்டிய இடத்தில் சொல்லச் சொல்லிவிடுவார். 'மனெ' என்றால் வீடு. தமிழர் மனத்திலோ மனை என்பது வீடு கட்ட வாங்கிய நிலம். 'ஹள்ளி' கிராமம், பள்ளிக்கூடம் அல்ல.

மறுபுறம், கன்னடம் பேசுபவர் தமிழ் கற்கும்போது பெரிய தடை எழுத்தில் இல்லை, 'நாம்', 'நாங்கள்' என்ற வேறுபாட்டில் இருக்கிறது. இன்றைய கன்னடத்தில் இரண்டுக்கும் 'நாவு' ஒன்றுதான். விருந்தினரைப் பார்த்து "நாம் சாப்பிடப் போகிறோம்" என்பதற்கும் "நாங்கள் சாப்பிடப் போகிறோம்" என்பதற்கும் உள்ள இடைவெளி மரியாதை தொடர்பானது. இலக்கணப் பிழை என்று வாத்தியார் திருத்துவதற்கு முன்பே எதிரே இருப்பவர் மனம் சுருங்கிவிடும். அதைவிடப் பெரிய இடர், தமிழின் இரட்டை வழக்கு. பாடநூலில் 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று படித்தவர் தெருவில் கேட்பது 'வந்துக்கிட்டிருக்காங்க'. எந்தத் தமிழை முதலில் கற்பிப்பது என்பதில் ஆசிரியர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ளவும் எழுத்தை வாசிக்கவும் இரு தடங்களாகத் தொடங்குவதே கற்பவருக்கு நியாயம் செய்யும். இருந்தும், ஒப்பீட்டால் முன்கூட்டிச் சொல்லக்கூடிய பிழைகள் ஒரு பகுதிதான். ஆய்வாளர் கற்பவரின் நோட்டுகளைத் திரட்டி, உண்மையில் வந்த பிழைகளை வகைப்படுத்தும்போது வேறு படம் கிடைக்கும். 1960-களின் இறுதியில் எடின்பரோவின் பிட் கார்டர், பிழை என்பது கற்பவர் மனத்தில் உருவாகிவரும் தனி அமைப்பின் சான்று என்று வாதிட்டபோது பிழை ஆய்வு வலுப்பெற்றது. தமிழ்ப் பிள்ளை கன்னடத்தில் ககரத்தின் நான்கு வரிசைகளையும் குழப்பி எழுதுவதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழிப்பதற்கும், ஒரே 'க' எழுத்தால் பல ஒலிகளைக் குறித்துப் பழகிய மனம் புதிய முறையை நோக்கி நகர்வதாகக் காண்பதற்கும் நடுவே இருப்பது அந்த ஆய்வுதான். மூச்சொலி எழுத்துகளைக் கன்னடப் பிள்ளைகளும் குழப்புகிறார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கன்னட மொழியியலாளர் டி. என். சங்கர பட், சாதாரணக் கன்னடப் பேச்சில் ஒலிக்காத அந்த எழுத்துகளை எழுத்திலிருந்து விட்டுவிடலாம் என்று வாதிட்டு, தம் பிற்கால நூல்களை அப்படியே எழுதிக் காட்டினார்.

வாசிக்கக் கற்பது பற்றி வந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கில அகரவரிசையை அடிப்படையாகக் கொண்டவை. கன்னடமும் தமிழும் அப்படிப்பட்டவை அல்ல. உயிர்மெய்யான காகுணித வரிசையும் கூட்டெழுத்துகளான ஒத்தக்ஷரங்களும் சேர்ந்து, கன்னடக் குழந்தை பழக வேண்டிய எழுத்து வடிவங்கள் 400-க்கு மேல். பெங்களூருவில் பணிபுரிந்த சோனாலி நாக் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, கன்னடப் பிள்ளைகளுக்கு இந்த எழுத்தறிவு முழுமையடையத் தொடக்கப்பள்ளிக் காலத்தின் பெரும்பகுதி ஆகிறது என்பதையும், சொல்லைத் தனித்தனி ஒலியன்களாகப் பிரித்தறியும் திறன் மெதுவாகவே வருகிறது என்பதையும் காட்டியது. ஆங்கிலத்துக்கு வகுத்த கால அளவை வைத்து நம் பிள்ளைகளை 'வாசிப்பில் பின்தங்கியவர்' என்று முத்திரை குத்துவது எவ்வளவு தவறு என்பது இதனால் விளங்கும். தமிழில் உயிர்மெய் வடிவங்கள் குறைவு, கூட்டெழுத்து அரிது. ஆகவே தமிழ்க் குழந்தைக்கும் கன்னடக் குழந்தைக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. இரு எழுத்தையும் ஒருங்கே கற்கும் பெங்களூருப் பிள்ளைக்குத் தனி அளவுகோல் வேண்டும்.

மருத்துவமனையில் இத்துறைக்கு உள்ள வேலையைப் பொதுவாக யாரும் நினைப்பதில்லை. மைசூரின் அகில இந்தியப் பேச்சு செவிப்புலன் நிறுவனமும் பெங்களூருவின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸும் இப்பகுதியை இந்தியாவில் இதற்கான முதன்மை இடமாக ஆக்கியுள்ளன. மூளைத் தாக்கத்தால் பேச்சிழந்தவரைச் சோதிக்கும் கேள்விகளை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தால் போதாது. வேற்றுமை உருபும் வினை விகுதியும் சொல்லோடு ஒட்டிவரும் கன்னடத்தில் நோய் வேறுவிதமாகத் தெரியும். எழுத்து வேறு வகையானது என்பதால் வாசிப்பிழப்பும் வேறு உருவத்தில் வரும். பிரதிபா கரந்த் இவ்வகைச் சோதனையைக் கன்னடத்துக்குத் தகவமைத்தவர். கன்னட வாசிப்பைப் பற்றிய அவருடைய ஆய்வுகளும் பரவலாக மேற்கோள் காட்டப்படுகின்றன. 2013-இல் சுவர்ணா அல்லாடியும் எடின்பரோவின் தாமஸ் பாக் முதலியோரும் ஐதராபாத்தில் 648 மறதிநோயாளிகளின் ஆவணங்களை ஆராய்ந்து, இருமொழியாளருக்கு நோய் சராசரியாக நான்கரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியதாகக் கண்டார்கள். எழுத்தறிவில்லாதவர்களிடமும் இந்த வேறுபாடு இருந்தது. அயல்நாடுகளில் இருமொழியாளர் பெரும்பாலும் குடியேறியவர்கள் என்பதால் எது மொழியின் விளைவு, எது குடியேற்றத்தின் விளைவு என்று பிரிப்பது கடினம். தலைமுறை தலைமுறையாக ஒரே ஊரில் தெலுங்கும் தக்கனி உருதும் பேசி வாழ்பவர்களிடம் அந்தக் குழப்பம் பெரிதும் இல்லை. அல்லாடி பின்னர் நிம்ஹான்ஸுக்கு வந்தார். பல்லாண்டு தொடர்ந்து கவனித்த வேறு சில ஆய்வுகளில் இந்தப் பலன் உறுதிப்படவில்லை என்பதால் விவாதம் முடிந்துவிடவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் நிம்ஹான்ஸும் கைகோத்த இன்னோர் ஆய்வு, டெல்லி, ஐதராபாத், பிகார் பள்ளிப் பிள்ளைகளின் பன்மொழித் திறனையும் படிப்பையும் அளந்தது.

கணினித் துறையில் பெங்களூருக்கு உள்ள வாய்ப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1909-இல் நிறுவப்பட்ட இந்திய அறிவியல் கழகத்தில் ஏ. ஜி. ராமகிருஷ்ணனின் ஆய்வகம் தமிழ், கன்னட அச்செழுத்தையும் கையெழுத்தையும் கணினி வாசிக்கச் செய்யும் வேலையை நீண்டகாலமாகச் செய்தது. அதே கழகமும் கூகுளும் சேர்ந்து 'வாணி' என்ற திட்டத்தில் நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் பேச்சுப் பதிவுகளைத் திரட்ட முனைந்தன. 2005-இல் இங்கே தொடங்கிய மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் காளிகா பாலி, மோனோஜித் சௌதுரி முதலியோர் மொழிக்கலப்பைக் கணினிப் பொருளாக்கினார்கள். கலப்பு என்பது அறியாமையால் வருவது என்ற பழைய எண்ணத்தைச் சமூக மொழியியல் எப்போதோ கைவிட்டுவிட்டது. கர்நாடக எல்லையை ஒட்டிய குப்வாட் கிராமத்தில் கன்னடமும் மராத்தியும் உருதும் நூற்றாண்டுகள் பழகி, சொற்கள் வேறாக இருக்க வாக்கிய அமைப்பு ஒன்றானதை கம்பர்ஸும் வில்சனும் 1971-இலேயே எழுதிவிட்டார்கள். கணினி ஆய்வகத்தில் மொழியியல் படித்தவரின் வேலை, பதிவான பேச்சில் எந்தச் சொல் எந்த மொழி, எங்கே மாறுகிறது, ஏன் மாறுகிறது என்று அடையாளமிடும் விதிகளை வகுப்பது. 'பஸ்ஸுல' என்பதில் எது ஆங்கிலம், எது தமிழ் என்று இரண்டு பேர் தனித்தனியே குறித்து ஒப்பிட்டாலே விதி எவ்வளவு நுணுக்கமாக இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

மொழிக் கொள்கை இத்துறையின் மிகக் கொதிப்பான பகுதி; பெங்களூரு அதற்கும் களம். மத்திய ஆங்கில நிறுவனத்தின் இயக்குநராகவும் பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்த வி. கே. கோகாக்தான், உயர்நிலைப் பள்ளியில் கன்னடமே ஒரே முதல் மொழி ஆக வேண்டும் என்று 1981-இல் பரிந்துரைத்த குழுவின் தலைவர். 1982-இல் கன்னட நடிகர் ராஜ்குமார் களமிறங்கியதும் அந்த அறிக்கை தெருவின் குரலாயிற்று. 1994-இல் அரசு, தொடக்கக் கல்வி தாய்மொழியில் அல்லது கன்னடத்தில் இருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. இருபது ஆண்டு வழக்குக்குப் பிறகு 2014 மே 6-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, பயிற்று மொழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கும் குழந்தைக்கும் உரியது என்று தீர்ப்பளித்தது. 2015-இல் வந்த கன்னட மொழி கற்றல் சட்டம் எல்லாப் பள்ளிகளிலும் கன்னடத்தை ஒரு மொழியாகக் கட்டாயமாக்கியது. தாய்மொழியில் தொடங்குவதே குழந்தைக்கு நல்லது என்ற ஆய்வு முடிவு, வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசி, பெற்றோர் ஆங்கிலத்தை விரும்பும் பிள்ளைக்கு என்ன சொல்கிறது என்பதுதான் இந்த வழக்குகளின் அடியில் கிடக்கும் மொழியியல் கேள்வி. நீதிமன்றம் அதை உரிமைக் கேள்வியாக எடுத்துத் தீர்த்தது. கல்விக் கேள்வி தீர்க்கப்படாமலே இருக்கிறது.

இவ்வளவு பரந்த துறையை எங்கே படிப்பது என்பதில் மாணவருக்கு ஒரு தடுமாற்றம் இருப்பது இயல்பு. பெங்களூருவில் இதன் கிளைகள் ஒரே கூரையின் கீழ் இல்லை. ஆங்கிலக் கற்பித்தலுக்கு வட்டார நிறுவனம், பேச்சு மருத்துவத்துக்கும் நரம்பு மொழியியலுக்கும் நிம்ஹான்ஸ், கல்விக் கோணத்துக்கு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், கணினிக்கு அறிவியல் கழகம் என்று சிதறிக் கிடக்கின்றன. மொழியியல் அடிப்படையை ஆழமாகப் பெற விரும்புபவர் சிதம்பரத்தின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையோ, பயன்பாட்டு மொழியியலையும் மொழிபெயர்ப்பையும் பெயரிலேயே கொண்ட மையத்தை உடைய ஐதராபாத் பல்கலைக்கழகத்தையோ நாடுவது வழக்கம். பிறகு ஆய்வுக்குப் பெங்களூரு வருவது நல்ல வரிசை. ஒலியனும் உருபனும் பிரித்தறியத் தெரியாமல் நேராகக் கற்பித்தல் முறைகளுக்குப் போனவர், பிழையைக் கண்டதும் பெயர் வைக்கத் தெரியாமல் நிற்பார்.

ஆய்வேட்டுத் தலைப்பில் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, மேலை நூல் ஒன்றில் படித்த கோட்பாட்டை எடுத்துக்கொண்டு அதற்கேற்ற வகுப்பைத் தேடுவது. பெங்களூர்த் திட்டம் இதற்கு நேர் எதிர்த் திசையில் நடந்தது: முதலில் பிள்ளைகள் தடுமாறிய இடம், பிறகு கேள்வி, அதன் பிறகே கோட்பாடு. தமிழ்நாட்டிலிருந்து வரும் மாணவர், வீட்டில் தமிழ் பேசி அரசுப் பள்ளியில் கன்னட வழியில் படிக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பை ஆய்வுக்கு எடுத்துக்கொள்வதாகக் கொள்ளலாம். அவருக்கு முதல் வேலை, சோதனைத் தாளை மொழிபெயர்க்காமல் வகுப்பைப் புரிந்துகொள்ளும் அளவுக்காவது கன்னடம் கற்பது. அடுத்தது பள்ளியின் அனுமதியும் பெற்றோரின் ஒப்புதலும். குரல் பதிவானால் அதை எங்கே, எவ்வளவு காலம் வைப்பது என்பதை அவர்களுக்குப் புரியும் மொழியிலேயே எழுதித் தர வேண்டும். பிறகு சில வாரம் வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பது. எழுத்தடையாளம், சொல் வாசிப்பு, பத்தி வாசித்துப் பொருள் சொல்லல் ஆகியவற்றைக் கன்னடத்தில் தனித்தனியே அளப்பது. அதே பிள்ளையிடம் தமிழில் ஒரு கதையைச் சொல்லிக் கேட்டு, கேட்ட கதையைத் திரும்பச் சொல்லச் செய்வது. இந்தக் கடைசிச் சோதனையில் பலவேளை ஆசிரியரும் பெற்றோரும் அறியாத ஒன்று வெளிப்படும். கன்னட எழுத்தில் தடுமாறும் பிள்ளை தமிழில் காரணமும் விளைவும் கோத்து நீண்ட கதை சொல்லக்கூடும். வாசிப்புக் குறைவு மொழிக் குறைவா, எழுத்துப் பழக்கக் குறைவா என்று பிரித்துக் காட்டுவது அந்தப் பதிவுதான். ஆய்வு முடிந்ததும் அதன் முடிவை அந்த வகுப்பாசிரியருக்குக் கன்னடத்தில் இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுப்பது ஆய்வேட்டு விதிகளில் எழுதப்படாவிட்டாலும், நேரம் ஒதுக்கிச் செய்ய வேண்டிய வேலை.